ஊருக்கு ஒரு மரத்தோட்டம்: அது என்ன, எதற்கு?

ஆலங்குளம், புளியங்குடி, வாகைக்குளம், நாவலடி, திருப்புடைமருதூர், புன்னைக்காயல். நம்ம நெல்லைப் பக்கத்து ஊர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள், ஊருக்கு ஊர் ஒரு மரம் ஒட்டிக்கொண்டு வரும். களக்காட்டைக் கூட களாச்செடி நிறைந்த காடு என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் வாகைக்குளத்து விமான நிலையத்தில் இறங்கி வருகிறவரிடம் ஒரு வாகை மரத்தைக் காட்டி, "இது என்ன மரம்?" என்று கேட்டால் எத்தனை பேர் சரியாகச் சொல்வார்கள்? எனக்கே முப்பது வயதுக்கு அப்புறம்தான் தெரிந்தது. சேரன்மகாதேவிப் பக்கம் ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவன் நான். தினமும் மருத மர நிழலில்தான் குளிக்கப் போனேன். அதை "ஆத்தங்கரை மரம்" என்றுதான் சொல்லுவோம். மருதூர் அணைக்கட்டில் இருக்கிற மருது அதுதான் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

ஊர்ப்பெயரில் மரம் இருக்கிறது, ஊராரின் கண்ணுக்கு அந்த மரம் தெரியவில்லை. இந்த இடைவெளியை அடைக்கிற ஓர் ஏற்பாட்டைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஆங்கிலத்தில் அதற்கு ஆர்போரேட்டம் என்று பெயர். ஆர்போர் என்றால் லத்தீனில் மரம். தமிழில் மரப்பூங்கா, மரச்சோலை என்றெல்லாம் எழுதுகிறார்கள். நான் மரத்தோட்டம் என்றே வைத்துக்கொள்கிறேன், சொல்ல எளிது.

மரத்தோட்டம் என்றால் பல வகை மரங்களை ஒரே இடத்தில் நட்டு, ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதி வைத்து, எப்போது நட்டது, விதை எங்கிருந்து வந்தது என்று குறித்து, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கும்படி பராமரிக்கிற இடம். நகராட்சிப் பூங்காவில் ஊஞ்சலும் புல்தரையும் முதலில் வரும், மரம் ஓரத்தில் நிற்கும். தோப்பில் ஒரே மரம் நூறு நிற்கும், அது மகசூலுக்கு. காட்டில் மரங்கள் தம்போக்கில் வளரும், நாம் உள்ளே போகக் கூடாத இடங்கள் நிறைய. மரத்தோட்டத்தில் மரம்தான் முதல் ஆள். அது வெட்டுக்கும் விளைச்சலுக்கும் நட்ட மரமில்லை. நூறு வயது வரை நின்று, நாலு தலைமுறை பார்க்கட்டும் என்று நட்டது.

பொதுமக்களுக்கென்றே இப்படி ஒன்றை அமைத்ததில் பெயர் பெற்றது இங்கிலாந்தின் டெர்பி நகரம். துணி ஆலைகளில் பணம் சேர்த்த ஜோசஃப் ஸ்ட்ரட் என்பவர் தன் நிலத்தை நகரத்துக்குக் கொடுத்தார். ஜான் கிளாடியஸ் லௌடன் என்ற தோட்டக் கலைஞர் வடிவமைத்தார். 1840-இல் திறந்தார்கள். ஆலைத் தொழிலாளிகளும் வரவேண்டும் என்பதற்காக ஞாயிறும் புதனும் இலவசமாக விட்டார்கள். வாரம் முழுக்கப் புகையில் வேலை பார்த்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு வந்து மரத்தின் பெயரை வாசித்துக்கொண்டு நடந்தார்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஆர்னால்டு மரத்தோட்டம் 1872-இல் தொடங்கியது. பத்து வருடம் கழித்து நகரமும் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் ஓர் ஒப்பந்தம் போட்டன: நிலம் நகரத்துடையது, மரங்களைப் பார்த்துக்கொள்வது பல்கலைக்கழகம், மக்களுக்குக் கதவு எப்போதும் திறந்திருக்கும், குத்தகை வருடத்துக்கு ஒரு டாலர். குத்தகைக் காலம் எவ்வளவு தெரியுமா? 1,000 வருடம். மரத்தை நம்பிப் போட்ட ஒப்பந்தம் என்றால் அப்படித்தான் இருக்கும்.

இதையெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். மரத்தை ஊரே சேர்ந்து வைத்துக் காப்பது நமக்குப் பழக்கமான வேலைதான். நெல்லையப்பர் கோயில் இருக்கிற இடமே வேணுவனம், மூங்கில் காடு. கோயிலின் தலமரமும் மூங்கில்தான். குற்றாலத்தில் குறும்பலா. ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் இருந்த புளியமரத்துக்கு உறங்காப்புளி என்று பெயர். சாதாரணப் புளியமரம் பொழுது சாய்ந்ததும் இலையை மடக்கிக்கொள்ளும், அதைக் கவனித்துப் பார்த்தவர்கள் வைத்த பெயர் அது. குளத்தங்கரை சாஸ்தா கோயில்களுக்குப் பங்குனி உத்திரத்தன்று போய் வந்தவர்களுக்குத் தெரியும், கோயிலைச் சுற்றி ஒரு சின்னக் காடு நிற்கும். அதில் சுள்ளி ஒடிக்கக்கூட ஆட்கள் தயங்குவார்கள். மதுரை நாயக்கர் வம்சத்து ராணி மங்கம்மாள் சாலை போட்டு இரண்டு பக்கமும் மரம் வைத்ததை இன்றைக்கும் "மங்கம்மா சாலை" என்று சொல்லித்தான் நினைவு வைத்திருக்கிறோம்.

அப்படியென்றால் புதிதாக ஒன்று எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நந்தவனம் சாமிக்குப் பூப்பறிக்க. கோயில்காடு தொடக்கூடாத இடம். சாலை மரம் சாலையை அகலப்படுத்தும்வரைதான். நாலுவழிச் சாலை வந்தபோது எவ்வளவு மரம் போனது என்று இந்தப் பக்கம் பஸ்ஸில் போய்வருகிறவர்கள் எல்லாரும் பார்த்தோம். அப்புறம் இன்னொன்றையும் மனசைத் திறந்து சொல்ல வேண்டும். நம்ம பக்கம் தோப்பு என்றால் யாரோ ஒருவருடைய தோப்பு, கோயில் என்றால் பல ஊர்களில் ஒரு வகையறாவுடைய கோயில். "யாருடா நீ, எந்தத் தெரு?" என்று யாரும் கேட்காமல் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மரத்தடியில் உட்காரக்கூடிய இடங்கள் குறைவு. காசு கொடுக்காமல், காரணம் சொல்லாமல், ஒரு பெண் சாயங்காலம் ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்து எழுந்து வரக்கூடிய இடம் நம் டவுன்களில் எத்தனை இருக்கிறது? ஊர் மரத்தோட்டத்தின் முதல் பயன் என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். நிழலும் காற்றும் இதற்குப் பின்னால்தான்.

பெயர்ப்பலகையிலிருந்து தொடங்குவோம்

மரத்தோட்டத்துக்கு உயிரே பெயர்ப்பலகைதான். அதில் என்ன எழுத வேண்டும்? ஊரில் சொல்லும் பெயர் முதலில், பெரிதாக. நூல்வழக்கில் நுணா என்று இருக்கும் மரத்துக்கு நம் பக்கம் மஞ்சணத்தி. பலகையில் நுணா என்று மட்டும் எழுதினால் ஆச்சிக்குப் புரியாது, மஞ்சணத்தி என்று மட்டும் எழுதினால் பள்ளிக்கூடப் பையன் புத்தகத்தில் தேட முடியாது. இரண்டும் வேண்டும். அதற்குக் கீழே தாவரவியல் பெயர், தமிழ் எழுத்திலேயே எழுதலாம். பிறகு ஒரே ஒரு வரி, அந்த மரத்தை அடையாளம் காண்கிற மாதிரி.

மருதை எடுத்துக்கொள்வோம். பக்கத்தில் போய்ப் பாருங்கள். பட்டை வழுவழுவென்று வெளிறிய சாம்பல் நிறம், அங்கங்கே மெல்லிய செதிலாக உரிந்து கீழே கிடக்கும். உரிந்த இடத்தில் லேசாக இளஞ்சிவப்பு தெரியும். தரையில் காய் கிடந்தால் எடுத்து உள்ளங்கையில் வையுங்கள். கெட்டியான காய், நீளவாக்கில் ஐந்து இறக்கை. குறுக்கே வெட்டினால் நட்சத்திரம். அந்த இறக்கையோடுதான் அது ஆற்றுத் தண்ணீரில் மிதந்து அடுத்த ஊர்க் கரையில் போய் முளைக்கிறது. "காயில் ஐந்து இறக்கை இருக்கும், தேடிப் பார்" என்று பலகையில் ஒரு வரி இருந்தால் போதும், எந்தக் குழந்தையும் குனிந்து தேடாமல் போகாது. தேடி எடுத்த குழந்தை அந்த மரத்தை வாழ்நாள் முழுக்க மறக்காது.

பூவரசும் அப்படித்தான். அதன் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதாதவர்கள் நம் ஊரில் யார்? ஆனால் காலையில் மஞ்சளாக விரிகிற பூ, வாடும்போது சிவந்துபோவதை எத்தனை பேர் நின்று பார்த்திருப்போம்? "காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை இந்தப் பூவைப் பார்" என்று எழுதி வைத்தால் அதுவே ஒரு பாடம்.

பலகையை மரத்தில் ஆணி அடித்து மாட்டக்கூடாது. பட்டைக்கு அடியில்தான் இலை தயாரித்த உணவு கீழே இறங்கும் பாதை இருக்கிறது. ஆணி அதைக் கிழிக்கிறது, அந்தக் காயம் வழியாகப் பூஞ்சையும் பூச்சியும் உள்ளே போகும். இறுக்கிக் கட்டிய கம்பியும் ஆகாது. மரம் பருக்கும்போது கம்பி உள்ளே புதைந்து கழுத்தை நெரித்துவிடும். நல்ல மரத்தோட்டங்களில் பலகையைத் தரையில் ஒரு கம்பு நட்டு அதில் வைப்பார்கள், இல்லையென்றால் மரம் பருக்கப் பருக்க விரிந்துகொடுக்கும் ஸ்பிரிங்கில் தொங்கவிடுவார்கள். நம் சாலை மரங்களில் டியூஷன் சென்டர் விளம்பரமும் பிளாட் விளம்பரமும் எப்படி அறையப்பட்டிருக்கின்றன என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

பெயர்ப்பலகைக்கு அடுத்தது பதிவேடு. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். எந்த மரம் எந்த வாரம் துளிர்த்தது, எப்போது பூத்தது, எப்போது காய் விழுந்தது. வருடாவருடம் எழுதி வந்தால் அது பொக்கிஷம். மேலே சொன்ன ஆர்னால்டு தோட்டத்தில் மரங்கள் பூத்த தேதி நூறு வருடத்துக்கும் மேலாகச் சேர்ந்திருக்கிறது. 2004-இல் வெளியான ஓர் ஆய்வு அங்கே தேதி குறித்து உலர்த்தி வைத்த பழைய பூமாதிரிகளை இப்போது பூக்கும் காலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தது. 1900-ஐ ஒட்டிய இருபது வருடங்களில் பூத்ததைவிட, 1980-க்குப் பிந்தைய வருடங்களில் மரங்கள் சராசரியாக 8 நாள் முன்னதாகவே பூத்திருந்தன. பூமி சூடாகிறது என்பதற்கு மரமே சாட்சி சொன்ன மாதிரி. இந்தியாவிலும் சீசன்வாட்ச் என்ற திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்கொரு மரத்தைத் தேர்ந்தெடுத்து வாராவாரம் பார்த்துப் பதிவு செய்கிறார்கள். நம் ஊர்க் கொன்றை சித்திரைக்கு முன்பே பூத்துவிடுகிறதே என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறோம். எழுதி வைத்தால்தான் அது ஆதாரம்.

நிழலில் என்ன நடக்கிறது

பாளையங்கோட்டையில் சித்திரை, வைகாசி வெயில் 100 டிகிரியைத் தாண்டுவது செய்தியே இல்லை. அந்த வெயிலில் தகரக் கூரைக்கு அடியிலும் நிழல்தான், மரத்தடியிலும் நிழல்தான். இரண்டும் ஒன்றா? நின்று பார்த்த யாரும் ஒன்று என்று சொல்லமாட்டார்கள். காரணம் வீட்டு மண்பானையில் இருக்கிறது. பானையின் நுண்ணிய துளை வழியாகத் தண்ணீர் கசிந்து ஆவியாகிறது, ஆவியாவதற்கான சூட்டை உள்ளே இருக்கும் தண்ணீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது, அதனால் பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது. இலையின் அடியிலும் அப்படியே துளைகள் உண்டு. வேர் உறிஞ்சிய தண்ணீரை இலை ஆவியாக்கி வெளியே விடும்போது சுற்றியுள்ள சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறது. ஒரு பெரிய மரம் என்பது ஆயிரக்கணக்கான சின்னப் பானைகளைத் தலையில் அடுக்கி நிற்பது மாதிரி. தகரம் வெயிலை மறைக்கும், ஆனால் அதுவே சூடாகி நம்மேல் அனலை வீசும். வெயில் நேராகக் காயும் தரையோடு ஒப்பிட்டால் மரநிழல் விழும் தரையின் உச்ச வெப்பம் 11 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை குறைவாக இருக்கலாம் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கணக்கிட்டிருக்கிறது. வெறுங்காலோடு தார்ச்சாலையைத் தாண்டி மரத்தடிக்கு ஓடி வந்தவர்களுக்கு அந்தக் கணக்கு தேவையில்லை.

எந்த மரம் என்பதும் முக்கியம். புங்கை மாசி வாக்கில் இலையை உதிர்த்துவிட்டு, பங்குனியில் தளதளவென்று புதுத்துளிர் விடும். வெயில் உச்சத்துக்கு வரும்போது அது முழுக்குடை விரித்திருக்கும். நம் வெயிலுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மரம் அது. அழகுக்காக நடும் குல்மோகர் மடகாஸ்கரிலிருந்து வந்தது. கோடையில் தீப்பிடித்த மாதிரி பூக்கும், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஆடிக் காற்றுக்குத் தாங்காது. செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் வருகிற காற்று எப்படி இருக்கும் என்பதற்கு அந்தப் பக்கம் வரிசையாக நிற்கும் காற்றாலைகளே சாட்சி. அந்தக் காற்றில் குல்மோகர், தூங்குமூஞ்சி மாதிரி மரங்களின் கிளை சடசடவென்று முறியும். வேம்பும் புளியும் மருதும் வளைந்துகொடுத்து நிற்கும். மரத்தோட்டம் இருந்தால் இதையெல்லாம் கண்ணால் பார்த்துவிட்டு, வீட்டுமுன் எதை வைப்பது என்று ஆட்கள் முடிவு செய்யலாம்.

மனசுக்கு என்ன செய்கிறது என்பதற்கும் ஒரு பழைய ஆய்வு உண்டு. 1984-இல் ரோஜர் உல்ரிச் என்பவர் வெளியிட்டது. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை, 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். ஒரு பகுதி 23 பேருக்கு ஜன்னலில் மரங்கள் தெரிந்தன, இன்னொரு 23 பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினார்கள், சுவர் பார்த்தவர்களுக்கு 8.70 நாள் ஆனது. மரம் பார்த்தவர்கள் வீரியமான வலிமருந்தும் குறைவாகவே கேட்டார்கள். சின்ன ஆய்வுதான். ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கும்போது நம் கண் தானாக வெளியே எதைத் தேடுகிறது என்று யோசித்துப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது.

மழையைப் பற்றி அளந்து பேச வேண்டும். மரத்தின் தலை மழைத்துளியின் வேகத்தைக் குறைக்கும், வேர் மண்ணைப் பொலபொலவென்று வைத்திருப்பதால் தண்ணீர் ஓடாமல் இறங்கும், கிணற்றில் ஊற்று கிடைக்கும். இது உண்மை. ஆனால் 2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மாதிரி மழையை, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழையை, எந்தத் தோட்டமும் தாங்கிப் பிடித்துவிடாது. அதற்குக் குளமும் கால்வாயும் ஒழுங்காக இருக்க வேண்டும். மரத்தைப் பற்றி நல்லது சொல்கிறோம் என்று இல்லாததையும் சேர்த்துச் சொன்னால், இருக்கிறதையும் யாரும் நம்பமாட்டார்கள்.

பறவைகளும் விதையும்

அம்பாசமுத்திரம் பக்கம் திருப்புடைமருதூருக்கு ஒருமுறை போய் வாருங்கள். கடனா நதி தாமிரபரணியில் கலக்கிற இடம், நாறும்பூநாதர் கோயில். ஊரின் பெயரிலேயே மருது. அங்கே நிற்கும் வயதான மருத, இலுப்பை மரங்களில் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. கீழே மனிதர்கள் நடமாட்டம், மேலே குஞ்சுகளின் கத்தல், இலையெல்லாம் வெள்ளையடித்த மாதிரி எச்சம். 2005-இல் இதைப் பறவைகள் பாதுகாப்பு ஒதுக்ககமாக அறிவித்தார்கள். பரப்பு 2.84 ஹெக்டேர், நம் கணக்கில் 7 ஏக்கர்தான். நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்தில் மஞ்சள் மூக்கு நாரைகள் குளத்துக் கருவேல மரங்களில் மட்டுமா கட்டுகின்றன? வீட்டுக் கொல்லையில் நிற்கும் வேம்பிலும் கட்டுகின்றன. ஊர்க்காரர்கள் விரட்டுவதில்லை. பறவை வந்தால் மழை நன்றாக இருக்கும் என்பார்கள், எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம். பெரிய காடு வேண்டும் என்பதில்லை, வயதான மரம் வேண்டும். நாரையின் கூட்டைத் தாங்குகிற கிளை பத்து வருடத்து மரத்தில் இருக்காது. இன்றைக்கு நடுவது நம் பேரப்பிள்ளைகள் காலத்து நாரைக்கு.

ஆலும் அரசும் அத்தியும் இந்த விஷயத்தில் தனி ரகம். ஒவ்வொன்றின் பூவும் அந்தப் பழத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும், அதற்குள் நுழைந்து மகரந்தம் சேர்க்க அந்தந்த மரத்துக்கென்று கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அளவுக்குச் சின்னதாக ஒரு குளவி உண்டு. வேறு மரங்களில் பழம் இல்லாத மாதங்களிலும் இவற்றில் ஏதாவது ஒன்றில் பழம் இருக்கும். மைனாவும் குயிலும் பழந்தின்னி வௌவாலும் பட்டினி கிடக்காமல் இருப்பது இவற்றால்தான்.

அதிகம் பேசப்படாத ஒரு பயன் விதை. மரக்கன்று வேண்டும் என்று நர்சரிக்குப் போகிறோம். நர்சரிக்காரர் விதையை எங்கே எடுப்பார்? பெரும்பாலும் ரோட்டோரத்தில் கைக்கு எட்டுகிற ஒன்றிரண்டு மரத்தில். ஆயிரம் கன்றும் ஒரே தாயின் பிள்ளைகள். நோய் வந்தால் எல்லாம் ஒன்றாகப் போகும். மரத்தோட்டத்தில் பல இடத்து விதையிலிருந்து வளர்ந்த, வயது தெரிந்த, நோய்நொடி இல்லாத தாய் மரங்கள் இருக்கும். ஊருக்கே அது விதைக் களஞ்சியம். சில வருடங்களுக்கு முன் தென்னிந்தியாவில் பல இடங்களில் வேப்பமரத்துக் கிளை நுனிகள் காய்ந்து கருகி, மரமே பட்டுவிட்டதோ என்று ஆட்கள் பயந்தார்கள். பூஞ்சையால் வந்த கருகல் அது. வேம்பு மட்டுமே நிற்கும் தெருவில் அந்த வருடம் நிழலே இருந்திருக்காது. ஃபிராங்க் சான்டமோர் என்ற மரவியல் அறிஞர் 1990-இல் ஒரு கணக்குச் சொன்னார்: ஓர் ஊரின் மரங்களில் ஒரே இனம் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். நம் ஊர்களுக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

எங்கே, எப்படித் தொடங்குவது

எங்கள் தெருவில் ஒரு வருடம் விழா வைத்து மரக்கன்று நட்டார்கள். ஐப்பசி மழைக்கு வைத்தார்கள், பச்சைக் கூண்டு போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். அடுத்த சித்திரையில் கூண்டு மட்டும் நின்றது. யார் மேலும் பழி போட இதைச் சொல்லவில்லை. தண்ணீர் ஊற்றுவது யார் என்று நட்ட அன்றைக்கே பேசாததுதான் தவறு. கன்று வாங்குவது செலவில் சின்னப் பகுதி. முதல் மூன்று கோடை தாண்டுவதுதான் பெரிய வேலை. ஆயிரம் நடுவதற்குப் பதில் நாற்பது நடுங்கள், நாற்பதையும் வளர்த்துக் காட்டுங்கள்.

இடத்துக்கு அதிகம் அலைய வேண்டாம். குளத்துக் கரைக்கு வெளியே ஊராட்சிப் பொறுப்பிலிருக்கும் புறம்போக்கு, சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும் பள்ளிக்கூட மூலை, பஸ் ஸ்டாண்டு பின்புறம். முறையாக ஊராட்சியிலோ நகராட்சியிலோ அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும், குளத்தின் கரை மேலேயே பெரிய மரம் வைப்பதைத் தவிர்க்க வேண்டும். ஓர் ஏக்கர் இருந்தால் தாராளம்.

என்ன மரம் என்பதில் நம் ஊருக்கு ஒரு வாய்ப்பு உண்டு. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேர்வது வரை தாமிரபரணி சுமார் 128 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. அதற்குள் மலையும் காடும் வயலும் வறண்ட செம்மண்ணும் கடலும் வந்துவிடுகின்றன. குறிஞ்சி முதல் பாலை வரை நிலத்துக்கே செடிகொடியின் பெயர் வைத்தவர்களின் ஊரில், ஆற்றின் வழியே நடக்கிற மாதிரி ஒரு தோட்டம் அமைக்கலாம். அகத்தியமலையின் உயர்ந்த பகுதி மரங்களைக் கீழே கொண்டுவந்து வாட்ட வேண்டாம், அவை குளிரிலும் ஈரத்திலும் வாழ்பவை. அடிவாரத்து வேங்கையில் தொடங்கி, ஈரமான மூலையில் மருது, நாவல், இலுப்பை, நடுவில் புங்கை, வேம்பு, வாகை, பூவரசு, வறண்ட மேட்டில் பனை, மஞ்சணத்தி, உடை, கடலோரத்துக்குப் புன்னை. உடை என்று நான் சொல்வது குடை விரித்த மாதிரி தலை பரந்த நம் நாட்டு உடைமரம். ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் ஆட்டுக்காரர்கள் அதன் நெற்றை உலுக்கிப் போடுவார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த சீமை உடையோடு, அதாவது சீமைக்கருவேலத்தோடு, அதைக் குழப்பி வெட்டிவிடுகிறார்கள். பெயர்ப்பலகை இல்லாததால் உயிர் போகிற மரம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

நடும் காலம் புரட்டாசிக் கடைசி. ஐப்பசி, கார்த்திகை மழை வேரைப் பிடிக்க வைத்துவிடும். குழி இரண்டடிக்கு இரண்டடி, மேல்மண்ணும் மட்கிய சாணமும். பெரிதாகும் மரங்களுக்கு இடையே முப்பதடியாவது விடுங்கள், இப்போது காலியாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. சுற்றி வட்டப்பாத்தி, அதில் சருகு மூடாக்கு. உதிர்ந்த இலையைக் கூட்டிக் கொளுத்துகிறோமே, அதுதான் அந்த மரத்தின் சாப்பாடு. மரத்தைச் சுற்றித் திண்ணை கட்டினால் அடிமரத்தை ஒட்டிச் சிமெண்ட் பூசிவிடாதீர்கள், வேருக்கு மூச்சும் தண்ணீரும் வேண்டும். நாலு கட்டைப் பலகையை எட்டிப் போட்டாலே உட்கார இடம் ஆயிற்று.

பார்த்துக்கொள்ள ஆள்? ஒரு மரத்துக்கு ஒரு வீடு என்று பிரித்துக் கொடுப்பது பல இடங்களில் பலன் தருகிறது. பெயரன் பிறந்ததுக்கு ஒரு மரம், தாத்தா போனதுக்கு ஒரு மரம் என்று வைத்தால் அந்த வீட்டு ஆட்கள் குடம் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். பள்ளிக்கூடம் பதிவேட்டை எடுத்துக்கொள்ளட்டும். நூறு நாள் வேலைப் பெண்களிடம் எந்த மண்ணில் எது பிடிக்கும் என்று கேளுங்கள், நர்சரிக்காரரைவிட நன்றாகச் சொல்வார்கள்.

போன பங்குனியில் ஆற்றங்கரையில் ஒரு பழைய இலுப்பைக்கு அடியில் நின்றுகொண்டிருந்தேன். விடியற்காலை. இரவெல்லாம் வௌவால் வந்து போயிருக்கும். தரை முழுக்கப் பூ, வெளிர்மஞ்சளாக, சதைப்பற்றோடு, முத்து உதிர்த்த மாதிரி. ஒரு ஆச்சி பேத்தியோடு வந்து முந்தானையில் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஆச்சி, இது என்ன மரம்?"

"இலுப்பைட்டி. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சக்கரைன்னு கேட்டதில்லயா? வாயில போட்டுப் பாரு."

அந்தப் பிள்ளை ஒன்றை எடுத்து ஊதி மண்ணைத் தட்டி வாயில் போட்டது. முகம் மலர்ந்தது. "கோயில் விளக்குக்கு எண்ணெயும் இதுலதான்" என்றார் ஆச்சி, "எங்க அம்மா கொட்டையைப் பொறுக்கிக் காயப்போட்டுச் செக்குக்குக் கொடுத்து விடுவா." பிள்ளை மரத்தைச் சுற்றி ஒரு வட்டம் வந்தது. கிளை நுனியில் கொத்தாக நிற்கும் இலையில் ஒன்றைக் கிள்ளி, வடிந்த பாலைப் பார்த்தது. அப்புறம் என்னிடம் வந்து பேனா இருக்கிறதா என்று கேட்டது. சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். உள்ளங்கையில் எழுதிக்கொண்டது: இலுப்பை.